வலைப்பக்க அசைவுக்கு எத்தனை ஃபிரேம் போதும்?

மூன்று வலைப்பக்கங்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 2028-இல் வரப்போகும் கும்பகோணம் மகாமகத்துக்கு இன்னும் எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை வினாடி என்று எண்ணிக் காட்டுகிற பக்கம். இரண்டாவது, தஞ்சாவூரில் தலையாட்டி பொம்மை விற்கும் ஒரு கடையின் பக்கம். திரையில் பொம்மையைத் தொட்டால் அது தலையை ஆட்ட வேண்டும். மூன்றாவது, மேட்டூரில் திறந்துவிட்ட தண்ணீர் முக்கொம்பு வந்து, கல்லணை வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து ஓடுவதை நகரும் நீலக் கோடுகளால் காட்டும் வரைபடம்.

மூன்றிலும் அசைவு இருக்கிறது. முதலாவதுக்கு வினாடிக்கு ஒரு ஃபிரேம், அதாவது ஒரு புதுப் படம் போதும். இரண்டாவதுக்குத் திரை எவ்வளவு கொடுக்குமோ அவ்வளவும் வேண்டும். மூன்றாவதுக்கு 15 தாராளம். இந்த மூன்று எண்களும் எப்படி வந்தன என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

வலைப்பக்க வேலை கற்க வரும் பிள்ளைகள் இந்த இடத்தில் என்னிடம் கேட்பது: "சார், எல்லாத்துக்கும் அறுபது வச்சிட்டா என்ன?" நியாயமான கேள்வி. ஆனால் அறுபது என்பது நாம் வைக்கிற எண் இல்லை. அது திரையின் எண்.

திரையின் கணக்கு

ஃபோனோ கணினியோ, திரை தன் படத்தை ஒரு குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். வினாடிக்கு 60 முறை புதுப்பித்தால் அது 60 ஹெர்ட்ஸ் திரை. பழைய ஃபோன்களும் அலுவலகக் கணினிகளும் பெரும்பாலும் இந்த வகைதான். இப்போது விலை குறைந்த ஆண்ட்ராய்டு ஃபோன்களிலேயே 90, 120 ஹெர்ட்ஸ் திரை வந்துவிட்டது. விளையாட்டுக்கென்று வாங்கும் மானிட்டர்களில் 144-உம் அதற்கு மேலும் உண்டு.

ஆயிரம் மில்லி வினாடியை அந்த எண்ணால் வகுத்தால், ஒரு ஃபிரேமுக்கு நமக்குக் கிடைக்கும் நேரம் தெரியும். 60-க்கு 16.7 மில்லி வினாடி. 90-க்கு 11.1. 120-க்கு 8.3. இந்த நேரத்துக்குள் பக்கத்தை இயக்க நாம் எழுதிய ஜாவாஸ்கிரிப்ட் நிரல் ஓடி, எது எங்கே நிற்கும் என்று பிரவுசர் கணக்குப் போட்டு, வண்ணம் தீட்டி, எல்லாவற்றையும் அடுக்கித் திரைக்கு அனுப்பியாக வேண்டும். பிரவுசரின் சொந்த வேலைக்கே சில மில்லி வினாடிகள் போய்விடும் என்பதால், 16.7 இருந்தாலும் நம் பங்கு 10 என்றே வைத்துக்கொள்வது நல்லது.

நேரத்துக்குள் வேலை முடியவில்லை என்றால் திரை காத்திருக்காது. பழைய படத்தையே இன்னொரு முறை காட்டிவிட்டு அடுத்த சுற்றுக்குப் போய்விடும். 17 மில்லி வினாடியில் முடித்த ஃபிரேமும் 30-இல் முடித்த ஃபிரேமும் 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரே நேரத்தில்தான், அதாவது 33.3-இல்தான் கண்ணுக்குத் தெரியும். புதிதாகக் கற்பவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். திரையில் 50 ஃபிரேம், 43 ஃபிரேம் என்று சீராக ஓடும் அசைவு கிடையாது. திரையின் ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று முழுச் சுற்றுகளாகத்தான் ஒரு படம் நிற்க முடியும். ஆட்டத்துக்கு ஏற்பப் புதுப்பிப்பு வேகத்தை மாற்றிக்கொள்ளும் திரைகளும் உண்டு. ஆனால் பார்ப்பவர் கையில் அதுதான் இருக்கிறது என்று நம்பி வலைப்பக்கம் எழுத முடியாது.

சினிமாவின் 24 ஏன் இங்கே ஒத்துவராது

"சினிமாவே 24 ஃபிரேம்தானே, நமக்கு மட்டும் ஏன் 60?" என்று அடுத்து வரும். 24 என்பது 1920-களின் கடைசியில் பேசும் படம் வந்தபோது நிலைத்த எண். அதற்கு முன்பு கேமராவைக் கையால் சுற்றினார்கள், வேகம் முன்னே பின்னே இருந்தது, யாருக்கும் பெரிதாக உறுத்தவில்லை. படச்சுருளின் ஓரத்திலேயே ஒலியையும் பதிக்கத் தொடங்கியதும் வேகம் மாறினால் குரல் மாறிவிடும் என்ற நிலை வந்தது. ஆகவே ஒரே வேகத்தில் நிறுத்தினார்கள்.

அந்த 24 கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிவதற்கு ஒரு காரணம் உண்டு. கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சுமார் 48-இல் ஒரு பங்கு வினாடி திறந்திருக்கும். அதற்குள் நடிகரின் கை நகர்ந்தால் அந்த நகர்வு படத்திலேயே ஒரு மங்கலான இழுப்பாகப் பதிந்துவிடும். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள வெற்றிடத்தை அந்த இழுப்பு நிரப்புகிறது. வலைப்பக்கத்தில் நாம் நகர்த்தும் பொத்தானுக்கோ பொம்மைக்கோ அந்த இழுப்பு இல்லை. ஒவ்வொரு ஃபிரேமிலும் கத்தி வெட்டியது போல் கூர்மையாக நிற்கிறது. அதனால் இரண்டு இடத்துக்கும் நடுவில் உள்ள தாவல் அப்படியே கண்ணில் படுகிறது.

தாவலைக் கணக்கிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதானால் இந்தப் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். சரியான ஃபிரேம் ரேட்டை, அதாவது வினாடிக்கு எத்தனை ஃபிரேம் என்பதைச் சொல்வது, ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் இடையே பொருள் எத்தனை பிக்சல் தாவுகிறது என்ற கணக்கு. வினாடிக்கு எத்தனை பிக்சல் என்ற வேகத்தை ஃபிரேம் ரேட்டால் வகுத்தால் தாவல் கிடைத்துவிடும்.

பொம்மையிடம் வருவோம். தஞ்சாவூர்ப் பொம்மையில் தலை, உடல், பாவாடை எல்லாம் தனித்தனியாகச் செய்து, ஒன்றன்மேல் ஒன்று ஆடும்படி அமர்த்தியிருப்பார்கள். லேசாகத் தட்டினால் தலை ஒரு வேகத்தில், இடுப்பு இன்னொரு வேகத்தில் ஆடும். திரையில் தலையை மட்டும் பார்ப்போம். சுண்டிவிட்டதும் நடுவிலிருந்து இரு பக்கமும் 80 பிக்சல் போகிறது, ஒரு முழு ஆட்டத்துக்கு அரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் தலை ஒரு கணம் நின்று திரும்பும். அங்கே வேகம் கிட்டத்தட்ட பூஜ்யம். நடுவைக் கடக்கும்போதுதான் உச்ச வேகம், வினாடிக்குச் சுமார் 1000 பிக்சல்.

60 ஃபிரேமில் இது ஒரு ஃபிரேமுக்கு 17 பிக்சல் தாவல். கண் அதைத் தொடர்ச்சியான ஆட்டமாக எடுத்துக்கொள்ளும். 30-இல் 33 பிக்சல். கொஞ்சம் நடுக்கம் தெரியும். 24-இல் 42. 12-க்கு இறங்கினால் 84 பிக்சல்; பொம்மைக்கு இரண்டு மூன்று தலை இருப்பதாகவே தோன்றும்.

12-இல் இன்னொரு கோளாறும் ஒளிந்திருக்கிறது. அரை வினாடி ஆட்டத்துக்கு மொத்தமே ஆறு படம்தான் கிடைக்கிறது. தலை ஓரத்தைத் தொடும் கணமும் ஒரு ஃபிரேமும் ஒன்றாக வந்தால் 80 பிக்சல் தெரியும். அந்தக் கணம் இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் விழுந்துவிட்டால், 69 பிக்சலிலேயே தலை திரும்பிவிட்டது போல் தெரியும். நாம் எழுதிய கணக்கு சரி; ஆனால் ஆட்டத்தின் உச்சம் திரைக்கு வரவே இல்லை. வேகமாகப் போய்த் திரும்பும் எதற்கும், அதாவது துள்ளும் பந்து, அதிரும் மணி, ஆடும் ஊஞ்சல் எதற்கும், ஃபிரேமைக் குறைக்கக் கூடாது என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

இப்போது வரைபடத்துக்கு வாருங்கள். ஆற்றின் மேல் நீலக் கோடுகள் வினாடிக்கு 40 பிக்சல் வேகத்தில் நகர்கின்றன. தண்ணீர் மேட்டூரிலிருந்து கல்லணை வரவே நாள் கணக்கில் ஆகும்; படத்தில் அதை அவசரப்படுத்த வேண்டியதில்லை. 60 ஃபிரேம் கொடுத்தால் தாவல் ஒரு பிக்சல்கூட இல்லை, முக்கால் பிக்சலுக்கும் குறைவு. 15 கொடுத்தால் 2.7 பிக்சல். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கூர்ந்து பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியும். வயல் வரப்பில் வெயிலில் நின்று, தன் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று பார்ப்பவருக்கு அது ஒரு பொருட்டில்லை. அவருடைய ஃபோன் சூடாகாமலும் பேட்டரி இறங்காமலும் இருப்பதுதான் அவருக்கு உதவி.

பேட்டரி விஷயம் இங்கே சும்மா சொல்லப்படுவதும் இல்லை. இந்த வகை வரைபடத்தை, கோடுகளைக் கணக்காக எழுதி வைக்கும் எஸ்.வி.ஜி. என்ற பட வகையில் விட்டு விட்டு வரும் கோடாக வரைந்து, அந்தத் துண்டுகள் தொடங்கும் இடத்தை நகர்த்தி ஓட்டமாகக் காட்டுவது வழக்கம். அப்படிச் செய்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பிரவுசர் அந்தக் கோடுகளை மறுபடி தீட்ட வேண்டும். டெல்டாவில் கோடுகளுக்குப் பஞ்சமா? காவிரியிலிருந்து குடமுருட்டி, அரசலாறு, வெண்ணாற்றிலிருந்து வெட்டாறு, வெண்ணாற்றின் கீழே கோரையாறு, பாமணியாறு என்று பிரிந்துகொண்டே போகும். 60-ஐ 15 ஆக்கினால் இந்தத் தீட்டும் வேலையில் முக்கால் பங்கு மிச்சம்.

மகாமகக் கடிகாரத்துக்குத் தாவலே கிடையாது. வினாடி எண் மாறுவது வினாடிக்கு ஒரு முறை. 60 முறை அதே எண்ணை எழுதுவதில் யாருக்கும் பயனில்லை. ஆனாலும் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்பக் கூப்பிடும் "செட் இன்டர்வல்" போட்டு 1000 மில்லி வினாடி என்று விட்டுவிடாதீர்கள். டைமர் ஒவ்வொரு முறையும் சற்றே தாமதமாக எழும். தாமதம் சேர்ந்து சேர்ந்து, ஏதோ ஒரு கட்டத்தில் 42-க்கு அடுத்து 40 என்று ஒரு வினாடி விழுங்கப்படும். ஒவ்வொரு முறையும் உண்மையான நேரத்தைப் பார்த்து, அடுத்த முழு வினாடிக்கு எவ்வளவு பாக்கியோ அவ்வளவுக்கு மட்டும், ஒரே ஒரு முறை கூப்பிடும் "செட் டைம்அவுட்" வையுங்கள். நாள் மட்டும் காட்டினால் போதும் என்றால், எந்த அசைவும் வேண்டாம். சுருக்கமாகச் செய்ய முடிந்ததைச் சுருக்கமாகவே செய்யலாம்.

திரைக்குப் பொருந்தும் எண்

ஃபிரேமைக் குறைப்பது என்று முடிவுசெய்தாகிவிட்டது. 15 சொன்னேன், ஏன் 16 இல்லை, 18 இல்லை, 25 இல்லை?

ஒரு படம் முழுச் சுற்றுகளாகத்தான் திரையில் நிற்கும் என்று பார்த்தோம். 60 ஹெர்ட்ஸ் திரையில் 30 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு படமும் இரண்டு சுற்று நிற்கும். 20 என்றால் மூன்று, 15 என்றால் நான்கு. எல்லாப் படமும் சம நேரம் நிற்பதால் அசைவு சீராக இருக்கும். 24 என்றால் இரண்டரைச் சுற்று வேண்டும். அரைச் சுற்றுக்குத் திரையில் இடமில்லை. ஆகவே ஒரு படம் இரண்டு சுற்று, அடுத்தது மூன்று சுற்று என்று மாறி மாறி நிற்கும். அதாவது 33 மில்லி வினாடி, 50 மில்லி வினாடி, 33, 50. சீரான வேகத்தில் நகர வேண்டிய பொருள் நொண்டி நொண்டி நகர்வதாகத் தெரிவது இதனால்தான். 40 ஃபிரேமுக்கும் இதே கதி: ஒன்று, இரண்டு, ஒன்று, இரண்டு.

நாகஸ்வரக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது உடனே புரியும். தவில்காரர் ஒரு சொல்லை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று வாசிக்கும்போது ஒவ்வொன்றும் முன்னதன் இரட்டிப்பு. எந்தக் காலத்தில் வாசித்தாலும் அடி தாளத்தின் மேல் வந்து விழும். 60 ஹெர்ட்ஸ் திரைக்கு 15, 30, 60 அப்படி மூன்று காலங்கள். வேகம் குறைந்ததைக் கேட்பவர் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார். காலப்பிரமாணம் தப்பினால் முகம் சுளிப்பார். கண்ணும் அதே ரகம்.

பார்ப்பவர் கையில் 60 இருக்குமா, 90 இருக்குமா, 120 இருக்குமா என்று நமக்கு முன்கூட்டித் தெரியாது. உன் திரை எத்தனை ஹெர்ட்ஸ் என்று பிரவுசரிடம் நேரடியாகக் கேட்க வழியும் இல்லை. அடுத்தடுத்த ஃபிரேம்களின் இடைவெளியை அளந்து ஊகிக்கத்தான் முடியும். இந்த மூன்று எண்களையும் மிச்சமில்லாமல் வகுக்கக்கூடியவற்றில் பெரியவை 30, 15, 10. அதனால் குறைந்த ஃபிரேம் வேண்டும் என்ற இடத்தில் நான் சொல்வது இந்த மூன்றில் ஒன்றைத்தான். 24 என்பது 120-க்கும் 144-க்கும் பொருந்தும்; 60-க்கும் 90-க்கும் பொருந்தாது. 20 என்பது 90-இல் இடிக்கும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 30-உம் சரியாக விழாது. ஆனால் அந்த மானிட்டரில் ஒரு சுற்றே 7 மில்லி வினாடிதான் என்பதால் ஏற்றத்தாழ்வு சிறியது, விட்டுவிடலாம்.

வீடியோ வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். தொலைக்காட்சியும் அதை ஒட்டி 25 ஃபிரேமில் அமைந்தது. விளக்கு வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடாமல் இருக்க வீடியோ எடுப்பவர்கள் பலரும் இன்றும் 25 அல்லது 50-இல் எடுக்கிறார்கள். திருவாரூர் ஆழித்தேர் ஓடுவதை 25-இல் எடுத்து 60 ஹெர்ட்ஸ் ஃபோனில் பார்த்தால், தேர் சீராகப் போனாலும் பின்னணியில் கேமரா திரும்பும் இடங்களில் சின்னச் சின்ன உதறல் தெரியும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4, அந்தப் புள்ளி நான்குதான் உதறல்.

ஜி.ஐ.எஃப். என்ற அசையும் படக் கோப்பும் இப்படித் தன் போக்கில் போகும். அதில் ஃபிரேம் இடைவெளியை நூறில் ஒரு பங்கு வினாடிகளில்தான் எழுத முடியும். இரண்டு பங்கு என்றால் 50 ஃபிரேம், மூன்று என்றால் 33.3, பத்து என்றால் 10. சரியாக 30-உம் 60-உம் அதில் எழுதவே முடியாது. ஒரு பங்கு என்று எழுதி 100 ஃபிரேம் வாங்கிவிடலாம் என்று நினைத்தால், பிரவுசர்கள் அதைப் பத்துப் பங்காக எடுத்துக்கொண்டு 10 ஃபிரேமில் ஓட்டும். ஜி.ஐ.எஃப். திடீரென்று மந்தமாக ஓடுகிறது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

எண்ணுவது ஃபிரேமையா, நேரத்தையா?

பொம்மைக் கடைப் பக்கத்தை ஒரு மாணவர் செய்தார். ஒவ்வொரு ஃபிரேமிலும் தலையை இத்தனை பாகை திருப்பு என்று எழுதியிருந்தார். அவருடைய மடிக்கணினியில் பொம்மை அழகாக ஆடியது. கடைக்காரர் தன் புது ஃபோனில் திறந்து பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். "என்னா தம்பி, நம்ம பொம்மை இவ்ளோ வேகமாவா ஆடும்? இதப் பாத்தா வாங்க வர்றவங்க கையிலயே எடுக்க மாட்டாங்க." மடிக்கணினி 60 ஹெர்ட்ஸ், ஃபோன் 120. ஃபிரேம் இரண்டு மடங்கு வந்ததால் ஆட்டமும் இரண்டு மடங்கு வேகம் எடுத்துவிட்டது.

திருத்தம் சிறியது. ஃபிரேம் எண்ணிக்கையைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும். பிரவுசரில் "ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்" என்ற அழைப்பு இருக்கிறது. திரை அடுத்த படத்தை வரைவதற்குச் சற்று முன் நம் வேலையைக் கூப்பிடும். கூப்பிடும்போதே அப்போதைய நேரத்தையும் மில்லி வினாடியில் கையில் கொடுக்கும். தொட்ட நேரத்தை அதிலிருந்து கழித்தால் கடந்த நேரம். பொம்மையின் கோணத்தை அந்தக் கடந்த நேரத்திலிருந்து மட்டுமே கணக்கிடுங்கள்: இவ்வளவு நேரம் ஆகியிருந்தால் தலை எங்கே இருக்க வேண்டும், ஆட்டம் எவ்வளவு தேய்ந்திருக்க வேண்டும் என்று. 60 ஹெர்ட்ஸ் திரை அந்தக் கேள்வியை வினாடிக்கு 60 முறை கேட்கும், 120 ஹெர்ட்ஸ் திரை 120 முறை கேட்கும். பதில் ஒன்றே. ஆட்டம் இரண்டிலும் அரை வினாடிதான். 120-இல் கூடுதல் வழவழப்பு மட்டும்.

"செட் இன்டர்வல்" போட்டு 16 மில்லி வினாடிக்கு ஒரு முறை நகர்த்தும் பழைய எடுத்துக்காட்டுகள் இன்னும் நிறையச் சுற்றுகின்றன. அதற்குத் திரை எப்போது வரைகிறது என்று தெரியாது. ஒரு சுற்றில் இரண்டு முறை நகர்த்தும், அடுத்ததில் நகர்த்தாமல் விடும். அசைவுக்கு அதை எடுக்காதீர்கள். "ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்" இன்னொரு நல்லதும் செய்கிறது: பார்ப்பவர் வேறு டேபுக்குப் போனால் தானாக நின்றுவிடும். திரும்பி வரும்போது கடந்த நேரம் பெரிதாக இருக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்ததைக் கூட்டிக்கொண்டே போகும் முறையில் எழுதியிருந்தால், அந்தக் கூட்டலுக்கு ஓர் உச்சவரம்பு வையுங்கள். இல்லாவிட்டால் வரைபடத்துத் தண்ணீர் ஒரே பாய்ச்சலில் கடலுக்குப் போய்விடும்.

வரைபடத்தை 15-இல் ஓட்டுவதும் இதே அழைப்பை வைத்துத்தான். கடைசியாக வரைந்து 66.7 மில்லி வினாடி ஆகவில்லை என்றால் எதையும் செய்யாமல் திரும்பிவிடுவது. இங்கே கவனமாக இருங்கள். நான்கு சுற்று முடிந்தபோது கடிகாரம் 66.6 காட்டலாம். கணக்கு "இன்னும் ஆகவில்லை" என்று சொல்லி ஐந்தாவது சுற்றுக்குத் தள்ளிவிடும். ஒரு படம் 83 மில்லி வினாடி நின்றுவிடும். ஓரிரு மில்லி வினாடி சலுகை கொடுத்து ஒப்பிட்டால் இது போய்விடும். அதோடு, வரைந்த நேரத்தை அப்படியே குறித்துக்கொள்ளாமல், வரைந்திருக்க வேண்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டால், சிறு தாமதங்கள் சேர்ந்து ஃபிரேம் ரேட்டைக் கீழே இழுக்காது. நான்கு சுற்றுக்கு ஒன்று என்று சுற்றுகளை எண்ணும் குறுக்குவழி வேண்டாம். 120 ஹெர்ட்ஸ் ஃபோனில் அது 30 ஆகிவிடும், தீட்டும் வேலை நாம் நினைத்ததைப் போல் இரண்டு மடங்காகிவிடும்.

பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சி.எஸ்.எஸ்.இல் எழுதும் அசைவுகளில் ஃபிரேம் ரேட் என்று எழுத இடமே இல்லை. கால அளவை மட்டும் சொல்கிறோம். மற்றதைத் திரையின் வேகத்துக்கு பிரவுசர் பார்த்துக்கொள்கிறது. பொத்தான் நிறம் மாறுவது, பட்டியல் விரிவது போன்ற அன்றாட வேலைக்கெல்லாம் இது போதும். வேண்டுமென்றே தாவித் தாவி ஓட வேண்டும் என்றால் "ஸ்டெப்ஸ்" இருக்கிறது. கையால் வரைந்த எட்டுப் படங்களை ஒரே பட்டையாக அடுக்கி ஓட்டும்போது அதுதான் சரி. கை ஓவியத்துக்கு 12 ஃபிரேம் ஒரு குறையல்ல, சினிமா கார்ட்டூனிலேயே ஒரு ஓவியத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்தி வினாடிக்கு 12 ஓவியத்தில் ஓட்டுவது பழைய வழக்கம். ஆனால் அந்தப் படத்தையே வைத்து ஒரு பொருளைத் திரையின் குறுக்கே வேகமாக நகர்த்தினால், நகர்வை மட்டும் முழு வேகத்தில் விடுங்கள். கால்கள் 12-இல் மாறட்டும். உடல் 60-இல் போகட்டும்.

எதை நகர்த்துகிறோம் என்பதும் ஃபிரேமைத் தீர்மானிக்கும். இடத்தையும் அகலத்தையும் சொல்லும் "லெஃப்ட்", "டாப்", "விட்த்" ஆகியவற்றை மாற்றினால் பக்கத்தின் அமைப்பையே பிரவுசர் மறுபடி கணக்கிட வேண்டிவரும். நகர்த்தவும் சுழற்றவும் உதவும் "டிரான்ஸ்ஃபார்ம்", ஒளிபுகும் அளவைச் சொல்லும் "ஒபாசிட்டி" இரண்டையும் மாற்றினால், ஏற்கெனவே தீட்டிய அடுக்கை நகர்த்தினால் போதும். பொம்மையின் தலையை "டிரான்ஸ்ஃபார்ம்" வைத்துச் சுழற்றுங்கள். மெதுவாக நகரும் பொருளுக்கும் அதுவே நல்லது: பின்ன பிக்சல்களில் நகர்த்தலாம்; முழுப் பிக்சலுக்கு முழுப் பிக்சல் என்று தத்தாது.

சராசரியை நம்பாதீர்கள்

செய்து முடித்ததை அளந்து பார்க்கும்போது பலரும் பார்ப்பது சராசரி ஃபிரேம் எண்ணை. அது ஏமாற்றும். ஒரு வினாடியில் 60-க்கு 48 ஃபிரேம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். தவறிய 12-உம் ஐந்துக்கு ஒன்றாகப் பரவி இருக்கலாம். அல்லது பன்னிரண்டும் சேர்ந்து ஒரே இடத்தில் தவறியிருக்கலாம். இரண்டாவதில் பக்கம் 200 மில்லி வினாடி அப்படியே உறைந்து நின்றிருக்கும். இரண்டுக்கும் சராசரி ஒன்றுதான். அதனால் பார்க்க வேண்டியது மிக நீண்ட ஃபிரேம் எது, அது எத்தனை மில்லி வினாடி என்பதை. குரோமின் டெவலப்பர் கருவிகளில் "பெர்ஃபார்மன்ஸ்" பகுதியில் பதிவு எடுத்தால் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாகத் தெரியும். அங்கேயே செயலியை நான்கு மடங்கு, ஆறு மடங்கு மெதுவாக்கி ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் மடிக்கணினியில் 3 மில்லி வினாடியில் முடியும் வேலை, நான்கு மடங்கு மெதுவான ஃபோனில் 12 ஆகிவிடும். 60 ஹெர்ட்ஸில் எப்படியோ சமாளிக்கும், 120-இல் முடியாது.

எவ்வளவு திருத்தியும் 60 நிலைக்கவில்லை, நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையே தத்தளிக்கிறது என்றால், துணிந்து 30-க்கு இறக்கிவிடுங்கள். நிலையான 30-ஐ விட ஏறி இறங்கும் 50 மோசம். என் மாணவர்கள் இதை ஏற்கத் தயங்குவார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டிக் காட்டினால் ஒத்துக்கொள்வார்கள்.

அசைவே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். உள்காதின் சமநிலைக் கோளாறு உள்ளவர்களுக்குத் திரையில் பெரிய பரப்பு நகர்ந்தால் தலை சுற்றும், குமட்டும். அவர்கள் தங்கள் ஃபோனில் அசைவைக் குறைக்கும் அமைப்பைப் போட்டிருப்பார்கள். சி.எஸ்.எஸ்.இல் "பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்" என்று கேட்டால் அது தெரிந்துவிடும். அவர்களுக்கு வரைபடத்தை ஓடாமல், அம்புக்குறிகளோடு நிறுத்திக் காட்டுங்கள். வலைப்பக்க அணுகல் விதிகளில் இன்னும் இரண்டு உண்டு: தானாகத் தொடங்கி ஐந்து வினாடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்த ஒரு பொத்தான் வேண்டும்; வினாடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் பளிச்சிடக் கூடாது. இரண்டாவதை நம் ஊர்த் திருவிழாப் பக்கங்கள் செய்பவர்கள் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். சீரியல் விளக்குப் போலப் பக்கத்தின் பெரும்பகுதியை வேகமாக மின்ன வைத்தால், ஒளியால் தூண்டப்படும் வலிப்பு உள்ள ஒருவருக்கு அது ஆபத்து. ஃபிரேம் ரேட் 60 ஆக இருக்கலாம். மின்னல் மட்டும் வினாடிக்கு மூன்றைத் தாண்டக் கூடாது.

கடைசியாக ஒரு சோதனை. ஐஃபோனில் பேட்டரியை மிச்சப்படுத்தும் லோ பவர் மோடு போட்டால், அதன் பிரவுசரான சஃபாரி "ரெக்வெஸ்ட் அனிமேஷன் ஃபிரேம்" அழைப்பை வினாடிக்கு 30 ஆகக் குறைத்துவிடும். யாரிடமாவது ஓர் ஐஃபோன் வாங்கி, அந்த மோடைப் போட்டுப் பொம்மையைத் தொடுங்கள். ஆட்டம் சற்று முரடாகத் தெரியும், அது இயல்பு. நேரமும் கூடி, அரை வினாடி ஆட்டம் ஒரு வினாடி எடுத்தால், உங்கள் கணக்கில் எங்கோ இன்னும் ஃபிரேமை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த வரியைத் தேடுங்கள்.